பூஜைக்கு வராத இயந்திரம்

வடிவேல் பம்ப்ஸின் முதலாளியம்மா வினோதினி நன்றாகத் தூங்குகிறாள் என்பது கணபதி வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சேதி. கோயமுத்தூரில் தொழில் நடத்துகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் "ஆர்டர் எப்படிங்க போகுது?" என்றுதான் கேட்பார்கள். இவளிடம் மட்டும், "தூக்கமெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டார்கள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

முன்பெல்லாம் அப்படி இல்லை. கணவன் சுரேந்திரன் ஐம்பத்தோரு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை மோர் குடித்துக்கொண்டிருந்தவன், அப்படியே நாற்காலியில் சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். இருபத்துமூன்று பேர் வேலை செய்கிற பட்டறை அவள் தலையில் விழுந்தது. பம்பு செய்வது அவளுக்குப் பெரிய காரியமில்லை. கம்ப்யூட்டர்தான் உயிரை எடுத்தது. விற்றோம், மறந்தோம் என்று இருக்கிற காலமா இது? ஒடிசாவில் எங்கோ ஒரு வயலில், ஆழ்துளைக் கிணற்றுக்குள் கிடக்கும் பம்பு சூடேறினால் உடனே கணபதியில் இருக்கும் பட்டறைக்குச் சேதி அனுப்பும். பதினோரு மாநிலத்துப் பம்புகள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் கேட்க வேண்டும், டிசைன்களைப் பத்திரப்படுத்த வேண்டும், திருடன் புகாமல் பார்க்க வேண்டும். அதற்கென்று ஓர் ஆளைப் போட்டால் ஆறு மாதம் வேலை பழகிக்கொண்டு பெங்களூருக்குப் பறந்துவிடுவான். நாலாவது ஆள் பறந்த வாரம், எவனோ முகம் தெரியாதவன் கம்ப்யூட்டருக்குள் புகுந்து அத்தனை டிசைன்களையும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டான். ஒன்பது நாள் பட்டறை வாயடைத்துக் கிடந்தது. அதிலிருந்து வினோதினி கைபேசியை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். படுத்தாள் என்றுதான் சொல்லலாம். தூங்கினாள் என்றால் பொய்.

அப்புறம்தான் நித்திலம் வந்தது. சின்னக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர் நிர்வாகம் முழுவதையும் வெளியிலிருந்தே ஏற்று நடத்தும் நிறுவனம். அவர்கள் விளம்பரத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "நீங்கள் தூங்குங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

பட்டறைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் வினோதினியை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். அவளும் விடவில்லை.

"பெரிய கம்பெனிக்காரன் நூறு பேர வெச்சுப் பாக்கற வேலையை, இருவத்திமூணு பேரு இருக்கற என்ற பட்டறைக்கும் செஞ்சு தர்றாங்க. ஆள் ஓடிப் போயிருவானோங்கற பயமில்லை. புது மிஷின் வாங்கோணும், பழச மாத்தோணுங்கற தலவலி இல்லை. மூணு வருசமா ஒரு நாள் நின்னதில்லைங்க. நான் பம்பை மட்டும் பாக்கறேன். மிச்சத்த அவங்க பாக்கறாங்க."

கை தட்டினார்கள். அன்றைக்கே பதினேழு பேர் நித்திலத்தில் பெயர் கொடுத்தார்கள்.

அவள் மேடையில் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. தூக்கம் திரும்பி வந்ததோடு சுரேந்திரனும் திரும்பி வந்தான். கனவில்தான். உயிரோடு இருந்தபோது பேசாத பேச்செல்லாம் இப்போது பேசினான். சாம்பாரில் உப்புக் குறைகிறது என்பான். அந்த மூணு ஹெச்பி பம்பின் மூடியைக் கொஞ்சம் தடியாக வார்க்கச் சொல் என்பான். எழுந்தால் தலையணை ஈரமாயிருக்கும், மனசு லேசாயிருக்கும். இதையெல்லாம் சங்கக் கூட்டத்தில் சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

நித்திலத்திலிருந்து வாரம் ஒரு அறிக்கை வரும். அதில் எல்லாம் முறையான வாசகங்களாகத்தான் இருக்கும். எப்போதாவது கடைசியில் ஒரு வரி மட்டும் வேறு மாதிரி வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை, "அடுப்படியில் பால் பொங்கப் போகிறது" என்று இருந்தது. இதென்ன கூத்து என்று விசாரித்தால், கம்ப்யூட்டர் சேமிப்பில் இடம் நிரம்பி வழியப் போகிறதாம். இன்னொரு முறை, "மாடிப்படிக்கு அடியில் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒளிந்திருக்கிறான்." தேடிப் பார்த்தால் நிஜமாகவே ஒரு திருட்டு நிரல் நாற்பது நாளாகச் சத்தமில்லாமல் பதுங்கியிருந்தது. பிடித்துத் தூக்கி எறிந்தார்கள். வினோதினி சிரித்துவிட்டாள். யாரோ கதை எழுதத் தெரிந்த ஆளை வைத்து அந்த இயந்திரத்துக்குப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அந்த இயந்திரத்தின்மேல் அவளுக்குப் பிரியமே வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருந்தது.

பட்டறையில் ஆயுத பூஜை என்றால் ஃபோர்மேன் ரங்கராஜின் ராஜ்யம். அறுபத்திரண்டு வயது. லேத்து முதல் விளக்குமாறு வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்க வேண்டும். ஒரு ஸ்பேனர்கூட விட்டுப்போகக் கூடாது. பொட்டு வைத்துச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி வரைக்கும் அதைத் தொடக் கூடாது. அன்றைக்குக் கருவிக்கு ஓய்வு. இதில் ரங்கராஜ் யார் பேச்சையும் கேட்க மாட்டார்.

நித்திலம் வருடாவருடம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு படம் அனுப்பும். நீல விளக்கு மினுங்கும் பெரிய இயந்திர அடுக்கு. "பூஜையில் வைத்துக்கொள்ளவும்" என்று கீழே எழுதியிருக்கும். ஊரெல்லாம் அதைச் சட்டம் போட்டுப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். போன இரண்டு வருடமும் ரங்கராஜ் முழங்கால் ஆபரேஷன், மகள் பிரசவம் என்று பூஜைக்கு இல்லை. இந்த வருடம் இருந்தார். படத்தைக் கையில் வாங்கினார், ஒரு பார்வை பார்த்தார், மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இது ஆகாதுங்க அம்மிணி."

"ஏனுங்க?"

"போட்டோவுக்குப் பொட்டு வெச்சு மாலை போடறது செத்தவங்களுக்குத்தானுங்க. நம்மளக் காப்பாத்தற மிஷின், உசுரோட இருக்கறப்பவே அதுக்குக் காரியம் பண்றதா? ரெண்டு வருசமா இதையா பண்ணிட்டிருந்தீங்க?"

வினோதினிக்குச் சுரீரென்றது. நினைத்தே பார்க்கவில்லையே! வீட்டுக் கூடத்தில் சுரேந்திரன் படத்துக்குப் பக்கத்திலேயே அல்லவா அதையும் மாட்டியிருந்தாள்?

"அப்ப என்ன பண்றதுங்க?"

"மிஷின் எங்க இருக்குதோ அங்க போயிப் பொட்டு வெச்சுட்டு வரோணுங்க. வேற வழியில்லை."

நித்திலத்தில் அவள் கம்பெனியைக் கவனிக்கும் அதிகாரி ரோஷன். எப்போது கூப்பிட்டாலும் இரண்டாவது மணியில் எடுப்பான். அன்று, மிஷினைப் பார்க்க வேண்டும் என்றதும் சாக்குச் சொல்ல ஆரம்பித்தான். தூசி படக்கூடாது என்றான், வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்றான், இன்னும் நல்ல படமாக அனுப்புகிறேன் என்றான். அவன் மழுப்ப மழுப்ப வினோதினிக்குப் பிடிவாதம் ஏறியது. ஒப்பந்தத்தை எடுத்து முதன்முறையாக முழுதும் படித்தாள். வாடிக்கையாளர் தன் கருவியை வருடத்தில் ஒருமுறை நேரில் பார்க்கலாம் என்று பதின்மூன்றாவது ஷரத்தில் இருந்தது. அதற்கு அடுத்த ஷரத்து இன்னும் விசேஷம்: வாடிக்கையாளரின் வழக்கப்படி பூஜைக்கு வைத்த கருவி அன்று இயக்கப்படாது. கோயமுத்தூர்க்காரர்கள் கேட்டு வாங்கிய ஷரத்து அது. கருவி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்ததால் பிறகு யாருக்கும் அது ஞாபகமில்லை.

"பதிமூணாவது ஷரத்து, ரோஷன்" என்றாள். மறுமுனையில் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கோத்தகிரிக்கு வாங்க மேடம்" என்றான்.

ஆயுத பூஜையன்று விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார்கள். ரங்கராஜ் மடியில் எவர்சில்வர் தட்டு; அதில் சந்தனம், குங்குமம், கதம்பம், தேங்காய், பழம், பொரியும் பொட்டுக்கடலையும் நாட்டுச்சர்க்கரையும் கலந்த பொட்டலம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஏற மூடுபனி வந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது. முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. கார் நகர்கிறதா நிற்கிறதா என்றே புரியவில்லை. வினோதினிக்குக் கண் சொருகியது.

நித்திலத்தின் இடம் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை. மாடியில், ஒரு காலத்தில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டிய நீளமான கூடம். ரோஷன் வாசலிலேயே காத்திருந்தான். செருப்பைக் கழற்றச் சொன்னான். "மெதுவாப் பேசுங்க மேடம்" என்றான்.

கதவைத் திறந்தான்.

கூடம் முழுக்கக் கட்டில்கள். எழுபது இருக்கும். பாதிக் கட்டில்களில் பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி தலையிலும் மெல்லிய சாம்பல் நிறத் தொப்பி, தொப்பியிலிருந்து ஒரு கம்பி. ஜன்னல்களில் பனி வெள்ளைத்துணி மாதிரித் தொங்கியது. அத்தனை பேரும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது. யாரோ ஒருத்தி தூக்கத்தில் லேசாகச் சிரித்தாள்.

"மிஷின் எங்கப்பா?" என்று ரங்கராஜ் கிசுகிசுத்தார்.

ரோஷன் கட்டில்களின் பக்கம் கையைக் காட்டினான். வினோதினி அவன் கை போன பக்கம் பார்த்தாள். அருகிலிருந்த கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அட கடவுளே! ஆளுங்களா?"

"மேடம், மேடம், சத்தம் வேண்டாம்." ரோஷன் பதறினான். "கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்ச திருடனைத்தான் பிடிக்கத் தெரியும். புதுத் திருடனைப் பிடிக்க 'என்னமோ சரியில்லையே'ன்னு ஒரு உறுத்தல் வேணும். அது மனுசங்களுக்குத்தான் வரும். முழிச்சிருந்து பாத்தா ஒரு மணி நேரத்துல சலிச்சுப் போயிடும். கனவுல சலிக்காது. உங்க கம்பெனியில நடக்கற ஒவ்வொரு அசைவையும் அந்தத் தொப்பி வழியா இவங்க தூக்கத்துக்குள்ள அனுப்பறோம். இவங்க மனசு அதை ஒரு வீடா ஆக்கிக்கும். ஒரு நாள் பூரா நடக்கறதை எட்டு மணி நேரத்துல அந்த வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்துருவாங்க. ஏதாவது சரியில்லைன்னா இவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். ஒப்பந்தத்துல போட்டிருக்கோம் மேடம், 'உயிர்சார் கண்காணிப்பு அலகு'ன்னு."

அந்த வார்த்தையை வினோதினியும் படித்திருந்தாள். ஏதோ புதுமாடல் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள்.

"நம்ம... நம்ம கம்பெனிக்கு யாரு?"

"இனியா. பத்து மணி ஷிஃப்ட். இப்ப வந்துருவாங்க."

இனியா வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கம்பளிச் சால்வை, எண்ணெய் தடவிய தலை, வெறும் நெற்றி. ரோஷன் அறிமுகம் செய்யும் முன்பே வினோதினியைப் பார்த்து நின்றாள். ரொம்ப நாள் பழகியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நீங்கதான் அந்தப் பூட்டை இழுத்து இழுத்துப் பாக்கற அக்காவா?"

"என்னது?"

"முதல் மாசத்துல எல்லாம் அந்த வீட்டுக்குள்ள நீங்க ஓயாம வருவீங்க. முகம் தெரியாது, பச்சைச் சேலை மட்டும் தெரியும். ஒவ்வொரு கதவாப் போயிப் பூட்டை இழுத்துப் பாப்பீங்க. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா வர்றதை விட்டுட்டீங்க. சரி, அக்கா தூங்கறாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

வினோதினி குனிந்து தன் பச்சைச் சேலையைப் பார்த்துக்கொண்டாள். அந்த முதல் மாதம் அவள் நம்பிக்கையில்லாமல் நிமிடத்துக்கு நிமிடம் கைபேசி வழியாகக் கம்பெனிக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து நுழைந்து பார்த்துக்கொண்டிருந்தது உண்மை.

இனியாவே கட்டிலைத் தட்டி உட்காரச் சொன்னாள். ரோஷன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்த வேலை உனக்குக் கஷ்டமா இல்லையாம்மா?"

"தூங்கறதுல என்னங்க்கா கஷ்டம்? கொழுந்து பறிக்கற மாதிரி அட்டைக்கடி இல்லை, மழைல நனைய வேணாம். பாப்பாவை ஸ்கூல்ல சேத்துட்டேன். உங்க வீடும் நல்ல வீடு. சில பேருக்கு ஆஸ்பத்திரி கெடைச்சிருக்கு, பாவம், நாள் பூரா கனவுல ஓட்டமா ஓடறாங்க. உங்க வீடு விசாலமா இருக்கும். இருவத்திமூணு ரூம்பு. பின்னாடி தண்ணி ஓடிட்டே இருக்கும்." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணுதான்."

"சொல்லு."

"எனக்குன்னு கனவு வர்றதில்லீங்க்கா. ராத்திரி வீட்டுல படுத்தா கெணத்துல கல்லைப் போட்ட மாதிரி. ஒண்ணுமே இருக்காது. எங்க வீட்டுக்காரரு கவின், லாரி ஓட்டுனாரு. மலை சரிஞ்சதுல போயிட்டாரு. நாலு வருசமாச்சு. அவரு போன ஆறாம் மாசம் இங்க சேந்தேன். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட வரலை. எல்லாரும், செத்தவங்க கனவுல வர்றாங்க, அதைச் சொல்றாங்க, இதைச் சொல்றாங்கன்னு பேசிக்கறாங்க. எனக்கு அவரு மொகமே மங்கிட்டு வருது. ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போனா போதும்."

வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள். நேற்றுகூடச் சுரேந்திரன் வந்து சாம்பாரைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான். அந்தத் தூக்கம் யாருடையது என்று இப்போதல்லவா தெரிகிறது? வெட்கமாக இருந்தது.

"நான் நித்திலத்தை நிறுத்திடறேன்" என்றாள், படபடவென்று.

"அய்யோ, வேணாங்க்கா! நிறுத்துனா எனக்கு வேற கம்பெனி வீட்டைக் குடுப்பாங்க. அது எப்படிப்பட்ட வீடோ என்னமோ."

"சரி, இன்னைக்கு ஒரு நாளாவது லீவு எடுத்துக்கோ. ஆயுத பூஜைதானே?"

ரோஷன் குறுக்கிட்டான். "சாரி மேடம். பணியாளர்களுக்கு ஆயுத பூஜை லீவு கிடையாது. இது நிறுத்தாம நடக்கற சேவை. அப்புறம், இணைப்பு இருக்கற நேரத்துல தானா வர்ற கனவை நாங்களே அடக்கி வெச்சிருவோம். கவனம் சிதறக் கூடாதில்லையா?"

"கருவிக்கு லீவு உண்டா?"

"அது... பதினாலாவது ஷரத்துப்படி, பூஜையில வெச்சா, உண்டு."

ரோஷன் சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. மூன்று பேரும் ரங்கராஜின் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்கள்.

மனுசியாக இருந்தால் ஓய்வில்லை. கருவியாக இருந்தால் உண்டு. என்ன நியாயம் இது! வினோதினி குங்குமத்தில் விரலை வைத்தாள், எடுத்தாள். இவள் நெற்றியில் இதை வைத்துவிட்டால் இவளும் லேத்து, டிரில்லிங் மிஷின் வரிசையில் சேர்ந்துவிட்டாள் என்று தானே கையெழுத்துப் போட்ட மாதிரி. வைக்காவிட்டால் இன்னும் இரண்டு நிமிடத்தில் தொப்பியைப் போட்டுவிடுவார்கள்.

"ரங்கராஜண்ணா, நீங்க சொல்லுங்க."

ரங்கராஜ் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னையக் கேக்காதீங்க அம்மிணி. அந்தப் புள்ளையக் கேளுங்க."

இனியா சிரித்தாள். சால்வையை ஒதுக்கி, முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெச்சுடுங்க்கா. அவரு போனதுக்கப்புறம் யாரும் எனக்குப் பொட்டு வெக்கலை. ஒரு நாள் மிஷினா இருந்துட்டுப் போறேன், என்ன இப்போ?"

வினோதினி வைத்தாள். முதலில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பொட்டு கொஞ்சம் கோணலாகிவிட்டது. பூவையும் தலையில் வைத்தாள். ரங்கராஜ் தேங்காயை வெளியே கொண்டுபோய், தூங்குகிறவர்கள் எழுந்துவிடாதபடி, துண்டில் சுற்றி உடைத்துக்கொண்டு வந்தார். ஆயுத பூஜைக்குச் சத்தமில்லாமல் தேங்காய் உடைத்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பொரிப் பொட்டலத்தை இனியா மடியில் வைத்ததும் அவள் பிரித்துப் பார்த்தாள்.

"கவினுக்கு இதுன்னா உசிரு. ஆனா பொரியத் தொட மாட்டாரு. பொட்டுக்கடலைய மட்டும் பொறுக்கித் தின்னுட்டு, பொரிய எனக்குத் தள்ளி விட்டுருவாரு. அதுக்காகவே சண்டை வரும்."

தொப்பி இல்லாமல் இவர்களுக்குப் பகலில் தூக்கம் வராது என்றான் ரோஷன். தொப்பி இருக்கட்டும், வடிவேல் பம்ப்ஸின் இணைப்பை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்றான். எடுத்தான். "இன்னைக்கு முழுக்க உங்க கம்பெனியைப் பார்க்க ஆள் இல்லை மேடம். தெரிஞ்சுதானே சொல்றீங்க?" என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். இனியா ஒருக்களித்துப் படுத்தாள். நெற்றிப் பொட்டு தலையணையில் படாமல் பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களின் மூச்சோடு அவள் மூச்சும் சேர்ந்துகொண்டது.

அன்று மாலை பட்டறையில் பூஜை நடந்தது. அதற்கு வருமுன் வினோதினி வீட்டுக் கூடத்துச் சுவரிலிருந்து நித்திலத்தின் படத்தைக் கழற்றியிருந்தாள். இருபத்துமூன்று பேரும் பொரி தின்று, சிரித்துப் பேசி, வீட்டுக்குப் போனார்கள். அவள் மட்டும் போகவில்லை. மூன்று வருடத்தில் முதன்முறையாகக் கைபேசி நெஞ்சின்மேல் ஏறியது. விடியும் வரை எந்தச் சேதியும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

விஜயதசமி காலை. லேத்துகளின் பொட்டைத் துடைக்காமல் அப்படியே ஓடவிட்டார்கள். பத்தேகாலுக்கு ரோஷன் கூப்பிட்டான். குரலில் கலவரம்.

"மேடம், ஒரு பிரச்சினை. இப்பதான் இனியாவுக்கு இணைப்பு குடுத்தோம். உங்க வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க."

பூட்டிப்போன டிசைன்கள், ஒன்பது நாள், வாயடைத்த பட்டறை எல்லாம் வினோதினியின் கண்முன் வந்து நின்றன. "திருடனா? டிசைன் போச்சா?"

"இல்லை. ஃபைலெல்லாம் அப்படியே இருக்கு. நானே மூணு தடவை சரி பார்த்துட்டேன். வெளியிலேர்ந்து யாரும் நுழையலை. அறிக்கையில வந்ததை அப்படியே படிக்கறேன், கேளுங்க." அவன் படித்தான். "வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கூடத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அலமாரிகளைத் தொடவில்லை. எதையும் எடுக்கவில்லை. எதிரில் பொரித் தட்டு. பொட்டுக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டார். எழுந்து போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை."

வினோதினி பக்கத்திலிருந்த பம்பின்மேல் உட்கார்ந்துவிட்டாள். வந்துவிட்டான்! இத்தனை வருடமாக வராதவன் வந்துவிட்டான். பாவம், இனியாவின் கனவுக்கு வேறு வீடு ஏது? இந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான்.

"நேத்து இணைப்பு இல்லாதப்ப வந்த கனவு மேடம், இன்னைக்கும் போக மாட்டேங்குது" என்றான் ரோஷன். "கவலைப்படாதீங்க. ரெண்டு மாத்திரை குடுத்தா கழுவிடலாம். அப்புறம் திரும்ப வரவே வராது. 'அந்நியர், வெளியேற்று'ன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"விட்டுட்டா?"

"விட்டுட்டா அவங்க கவனத்துல பாதி அவர்மேலதான் இருக்கும். நிஜத் திருடன் ஒருத்தன் செருப்பைக் கழட்டிட்டு வந்தா, இவர்தான்னு நெனச்சு விட்டுருவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் சொல்வது நியாயம்தான். இருபத்துமூன்று குடும்பம், பதினோரு மாநிலத்துப் பம்பு. வினோதினி பட்டறையைப் பார்த்தாள். நேற்று வைத்த சந்தனம் லேத்துகளில் காய்ந்து வெளுத்திருந்தது. எல்லா மிஷினும் ஒரு நாள் படுத்து எழுந்த தெம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

"ரோஷன், அவரு அந்நியர் இல்லை."

"மேடம்?"

"பேரு கவின். எழுதிக்கோங்க. நம்ம பட்டறையில இருவத்திநாலாவது ஆளு. எப்ப வேணா வரலாம், எப்ப வேணா போலாம். எந்தக் கதவையும் அவருக்கு அடைக்கக் கூடாது."

"ஆனா பாதுகாப்பு..."

"மிச்சப் பாதியை நான் பாத்துக்கறேன். நிமிசத்துக்கு ஒரு தரம் உள்ள வந்து பூட்டை இழுத்துப் பாத்த ஆளுதானே நானு? இனியாகிட்ட சொல்லிடுங்க, அக்கா மறுபடியும் வருவாங்கன்னு. பச்சைச் சேலையைக் கண்டு பயப்பட வேண்டாம்னு."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் தயங்கித் தயங்கிக் கேட்டது. பிறகு, "சேத்துட்டேன் மேடம்" என்றான். அவன் குரலும் ஒரு மாதிரிதான் இருந்தது.

அதற்கப்புறம் வினோதினிக்குப் பாதித் தூக்கம்தான். சங்கக் கூட்டத்தில் யாராவது, "தூக்கமெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டால், "சுமாருங்க" என்பாள். கேட்டவர்களுக்கு உள்ளூர ஒரு திருப்தி. சுரேந்திரனும் முன்னைப்போல அடிக்கடி வருவதில்லை. வந்தாலும் சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறான். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அன்று ஃபோனை வைத்ததும் ரங்கராஜ் கிட்டே வந்தார். "யாருங்க அம்மிணி? என்ன விசயம்?"

"புதுசா ஒருத்தரு வேலைக்குச் சேந்திருக்காருங்க" என்றாள் வினோதினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த வருசம் பூஜைக்குப் பொரிப் பொட்டலம் ஒண்ணு சேத்துப் போடுங்க. அதுல பொட்டுக்கடலை தூக்கலா இருக்கட்டும்."